பச்சை வாடை

முள்ளங்கியைக் கழுவியதும் செல்லசாமி கடித்துவிடுவதில்லை. வால் பக்கம் ஒரு தடவை, காம்புப் பக்கம் ஒரு தடவை மோந்து பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி. மென்று முடிக்கும்வரை யாரோடும் பேச மாட்டார். தோட்டத்து லயத்தில், பீலிக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு இதை வேடிக்கை பார்ப்பார்கள்.

"நல்லா கடிங்கண்ணே, பல்லு இருக்கிற வரைக்குந்தான்" என்பாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி பேச்சியம்மா.

செல்லசாமி கையைத் தூக்கிப் பொறு என்று சைகை காட்டுவார். விழுங்கிய பிறகுதான் பதில் வரும்.

"பல்லு போனா துருவித் திம்பேன்."

காலைச் சாப்பாடு அதுதான்: முள்ளங்கி, கரட், கைப்பிடி வல்லாரை, ஒரு சில்லுத் தேங்காய். மத்தியானத்துக்கு ஊறவைத்த பச்சரிசியைத் தேங்காய்ப்பூவோடு பிசைந்து, கூட ஒரு வாழைப்பழம். சாயங்காலம் மரத்தக்காளியோ பேரிக்காயோ கொய்யாவோ, எது கிடைத்ததோ அது. சோறு இல்லை, ரொட்டி இல்லை, பாண் இல்லை. பொகவந்தலாவைக் குளிரில், சுற்றிலும் தேயிலை மலையை வைத்துக்கொண்டு, சாயத்தண்ணிகூட இல்லை. நெருப்புப் பட்ட எதையும் அவர் வாயில் வைப்பதில்லை.

இப்படிச் சாப்பிடுகிறவர்களை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். இந்தத் தோட்டத்துக்கு வருமுன் கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்த காலத்தில், வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் பிள்ளைகள் தாய்மாருக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். பிள்ளை விமானம் ஏறியதும் அந்தத் தாய்மார் சமையலறை வாசலுக்கு வந்து சோறு கேட்பார்கள். செல்லசாமி யாரிடமும் கேட்கவில்லை. அவருக்கு உடம்பைக் குறைக்கும் ஆசை கிடையாது. குறைக்க உடம்பும் கிடையாது. சீனி வியாதி இல்லை, பிரஷர் இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். வட்டவளையில் மகள் வீட்டில் இருக்கும் அவர் மனைவி அழகம்மை திரும்பி வரவேண்டும்.

பச்சைக் காய்க்கும் மனைவி வருவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அவருடைய மூக்கிலிருந்து தொடங்கவேண்டும்.

தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அவர் டிரையர்க்காரராக இருந்தார். அரைத்துப் புளிக்கவைத்த கொழுந்து சூட்டுக்குள் போய்க் கறுத்த தூளாக வெளியே வரும் இடம் அது. தூளில் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்ப்பார். சூடு போதாவிட்டால் தூளில் இலை மணம் நிற்கும். "பச்ச வாட அடிக்குது, வெறகு போடு" என்று கத்துவார். ஓய்வு பெறும்வரை அதுவே வேலை. புருவத்தில் பாதி அந்த நெருப்பு வாயிலேயே போய்விட்டது. மிச்சம் நரைத்திருக்கிறது.

அந்த மூக்கை ஸ்டோரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். தட்டில் என்ன விழுந்தாலும் முதலில் குனிந்து ஒரு இழுப்பு. "மொளகா பச்ச வாட அடிக்குது." "பருப்பு இன்னும் ஒரு கொதி வரணும்." "கீரைல பச்ச வாட போகல." கல்யாணம் ஆன நாளிலிருந்து இது நடந்தது. அந்த மூக்கு எப்போதும் சரியாகச் சொல்லும் என்றும் நினைக்கவேண்டாம். ஒருநாள் ரசத்தில் பச்சை வாடை என்று தட்டைத் தள்ளிவிட்டார். தேடிப் பார்த்தால், காலையில் தோட்டத்தில் கிள்ளிய மல்லிக்கீரை அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது. அன்றைக்கு அழகம்மை சிரித்துவிட்டாள்.

போன ஐப்பசியில் சிரிக்கவில்லை. இந்த லயத்தில் இடைச்சுவர் கூரைவரை போவதில்லை. அதனால் அன்று நடந்ததைப் பேச்சியம்மா வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கிறாள். அழகம்மை கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். செல்லசாமி குனிந்து இழுத்தார். "பச்ச வாட" என்றார். அழகம்மை அகப்பையைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

"ஒங்க மூக்குக்கு ஆயுசுக்கும் எதுவும் வேகாது. இனிமே பச்சையாவே தின்னுங்க."

"சரி, திங்கிறேன்" என்று இவரும் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் விடிந்ததும் மகள் ஜெயந்தினிக்கு வலி எடுத்துவிட்டது என்று வட்டவளையிலிருந்து போன் வந்தது. அழகம்மை ஒரு பையில் இரண்டு சேலையை அடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஆண் குழந்தை. மகள் பச்சை உடம்புக்காரி. பத்தியம் சமைத்துப் போட, குழந்தையைக் குளிப்பாட்ட, பெற்றவள் பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். அதில் யாருக்கும் கேள்வி இல்லை. பத்தியம் முடிந்தது. குழந்தை கழுத்து நின்று, குப்புற விழுந்து, இப்போது உட்கார வைத்தால் உட்காருகிறது. அழகம்மை வரவில்லை.

"போயி கூட்டிக்கிட்டு வாங்கண்ணே" என்று பேச்சியம்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவருடைய பதிலை ஒருமுறை நானும் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"கோவிச்சுக்கிட்டுப் போனவளத்தான் கூப்புடப் போகணும். அவ மகளப் பாக்கப் போயிருக்கா. நான் போயி கூப்புட்டா, அவ கோவிச்சுக்கிட்டுப் போனான்னு ஊருக்கு நானே சொன்ன மாதிரி ஆயிரும்."

"ஊருக்குத் தெரியாதாக்கும்" என்றாள் பேச்சியம்மா.

"தெரியும். நான் சொன்னதா இருக்கக்கூடாது."

போகவும் முடியாது, போன் பண்ணிக் கேட்கவும் வாய் வராது. மிச்சமிருந்தது அவள் கடைசியாகச் சொன்ன சொல் மட்டும். அதைப் பிடித்துக்கொண்டார். முதல் வாரம் அது வீம்பு. பிறகு வீம்பு கரைந்துவிட்டது, பழக்கம் நின்றது. அவள் சொன்னதை ஒரு இம்மி தவறாமல் செய்துகொண்டிருந்தால், என்றைக்காவது வந்து, போதும் நிறுத்துங்க என்று அவளே சொல்லவேண்டியிருக்கும். அவர் கணக்கு அது. "தின்னுங்கன்னு சொன்னா. எது வரைக்கும்னு சொல்லல மிஸி. அத அவதானே சொல்லணும்." தாதியைக் கூப்பிடுவது போல என்னை அவர் மிஸி என்றுதான் கூப்பிடுவார். நோயாளியைப் புரட்டிப் போட்டுத் துடைக்கத் தெரிந்த எல்லோரும் இங்கே மிஸிதான்.

சொல்லைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தபின், எது பச்சை, எது வெந்தது என்று தெரியவேண்டும். அங்கேதான் தொல்லை தொடங்கியது. கரட்டிலும் முள்ளங்கியிலும் சந்தேகம் இல்லை. கடைச் சாமான் அப்படி இல்லை. அது எங்கெங்கே எந்த அடுப்பில் ஏறி இறங்கி வந்தது என்று யாருக்குத் தெரியும்? பசாரில் மதுசூதனன் கடை இருக்கிறது. அப்பா, தாத்தா காலத்துப் பலசரக்குக் கடை. செல்லசாமி அங்கே போய்த் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். நான் சவர்க்காரம் வாங்கப் போன ஒரு நாள் கேட்டது இது.

"மொதலாளி, உப்பு எப்பிடி?"

"கடத்தண்ணிய வெயில்ல காய வச்சதுண்ணே. அடுப்பு இல்ல."

"சரி. சீனி?"

"கரும்புச் சாறக் காய்ச்சுறது."

"வேணாம். கருப்பட்டி?"

"அதுவும் காய்ச்சுறதுதான்."

"தேன்?"

"அத ஈயிகிட்டத்தான் கேக்கணும்."

"மாசிக் கருவாடு?"

மதுசூதனன் தராசை நிறுத்தினார். "அவிச்சு, பொகை போட்டு, வெயில்ல வச்சு, கல்லாக்கி அனுப்புறாங்க. அதுல எதண்ணே பச்சைன்னு நெனச்சீங்க?"

"மீனு பச்சைதானே."

"புடிச்ச அன்னிக்கு."

மஞ்சளுக்கு வந்தபோதுதான் அவர் முகம் விழுந்தது. மஞ்சளை அவித்துத்தான் காயவைப்பார்கள் என்று மதுசூதனன் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. அதுவரை வல்லாரையில் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"மஞ்சளையா? சாமிக்கு வைக்கிற மஞ்சளையா?"

"சாமி பச்சையா வேணும்னு கேக்கலயேண்ணே."

பின்னால் நின்ற ஒரு பெண் பொறுமை இழந்தாள். "ஒரு ஆட்டக் கூட்டிக்கிட்டு வாங்கண்ணே. அது எதத் திங்குதோ அத வாங்கிக்கங்க. எங்களுக்கும் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஆட்டுக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றார் செல்லசாமி, கோபம் இல்லாமல். அதை அவர் யோசித்துப் பார்த்தது போலவும் இருந்தது.

மதுசூதனன் விட்டுவிடும் ஆள் இல்லை. தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். "கிரீன் டீ. பச்சைத் தேயிலை. பேர்லயே போட்டிருக்கு. வேணுமா?"

செல்லசாமி பெட்டியை வாங்கவில்லை. "இது ஆவில வெந்து, சூட்டுல காஞ்சது. பேரு மட்டுந்தான் பச்ச."

தேயிலையில் அவரை ஏமாற்ற முடியாது. மற்ற எதிலும் ஏமாற்றலாம். சந்தேகம் வந்தால் அவர் பெயரைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். பச்சை மிளகாய், பச்சரிசி, பச்சைப்பயறு எல்லாம் சேர்த்தி. அந்த வழியில் பச்சைப் பட்டாணி என்று பாக்கெட்டில் விற்பதை வாங்கி ஊறவைத்தார். விடிய எழுந்து பார்த்தால் தண்ணீர் வேலிக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ட் போல இருந்தது, எல்லாம் சாயம். அந்தத் தண்ணீரைச் சாக்கடைக் கானில் கொட்டியது நான்தான். "பேர்லயே பச்ச இருந்துச்சே மிஸி" என்று கானில் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் என் பங்குக்குச் சில விதிகள் போட்டேன். கீரையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொரு இலையாகத் திருப்பிக் கழுவவேண்டும். அட்டையும் புழுவும் அழகம்மை சொன்னதைக் கேட்டு விலகிப் போகாது. மரவள்ளியைப் பச்சையாகத் தொடக்கூடாது. காய்ச்சாத பால் கூடாது. கேட்டுக்கொள்வார். ஆனால் பாலை ஏன் விடவேண்டும் என்று ஒரு வாரம் வாதம் செய்தார். கறந்த பாலைவிடப் பச்சையானது என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

அவரை உண்மையில் வாட்டியது தேத்தண்ணிதான். சாயங்காலம் மலையிலிருந்து ஆட்கள் திரும்பி, லயம் முழுக்கத் தேத்தண்ணிக் கேத்தல் கொதிக்கும் நேரத்தில், அவர் வாசலுக்கு வந்து நிற்பார். மார்பு விரிய மூச்சை இழுப்பார். "கடைசி வீட்டுத் தூளு கருகிப்போனது" என்பார். "ராசம்மா வீட்டுல இஞ்சி தட்டிப் போட்டிருக்கு." மோந்து பார்ப்பது தின்பதில் சேராது என்று அவரே முடிவு செய்திருந்தார். எல்லா வீட்டு மணமும் அடங்கும்வரை நிற்பார். பிறகு பீலிக்குப் போய் ஒரு கோப்பைப் பச்சைத் தண்ணீர் குடிப்பார்.

பேச்சியம்மாவுக்கு வேறு கவலை. "காலைல கூரைல பொகை வரணும் மிஸி. சாவு விழுந்த வீட்டுலதான் அடுப்பு மூட்டாம கெடப்பாங்க. அண்ணி அங்க கல்லு மாதிரி இருக்கு. இவரு இங்க அடுப்ப ஆற வச்சிருக்காரு. பாக்கிறவன் என்ன நெனைப்பான்?" ஒருநாள் அவளே தன் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வெறும் வெந்நீராவது கொதிக்கட்டும், புகை வந்தால் போதும் என்றாள். செல்லசாமி காம்பரா வாசலில் இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அது அவ அடுப்பு, பேச்சி."

பேச்சியம்மா கொள்ளியைத் தாழ்த்திப் பிடித்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

சித்திரை மாதம் அவர் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டார். வைகாசியில் இன்னொன்று. கன்னம் ஒட்டி, மூக்கு மட்டும் முன்னே வந்துவிட்டது. நான் கேட்டால், "வயிறு சுகமாப் போகுது மிஸி, மலச்சிக்கலே இல்ல" என்பார். அதில் பொய் இல்லை.

பிறகு வந்தது போஞ்சி விதை, பீன்ஸ் விதை. யாரோ விதைக்கென்று காயவைத்துக் கொடுத்ததை, வெயிலில் காய்ந்ததுதானே, அடுப்பில் ஏறவில்லையே என்று ஊறவைத்து ஒரு கிண்ணம் தின்றிருக்கிறார். காய்ந்த போஞ்சி விதை வேகாவிட்டால் நஞ்சு. மத்தியானம் பேச்சியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, கானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே வர இனி ஒன்றும் இல்லை, ஆனாலும் நிற்கவில்லை. நாடி பார்த்தேன். உள்ளே கொண்டுபோய்ச் சரித்துப் படுக்க வைத்தேன். என் வீட்டிலிருந்து கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கரைத்துக் கொண்டுவந்து கரண்டியை வாயருகே நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

"கொதிச்ச தண்ணியா மிஸி?"

"கொதிச்ச தண்ணிதான்."

"சீனி வேற."

"சீனி வேற. வாயத் தொறங்க."

"வெந்ததுல சேருமே."

கட்டிலில் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டே இதைக் கேட்டார். முதியோர் இல்லத்தில் மருந்து வேண்டாம் என்று பல்லைக் கடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சாக ஆசை, அல்லது என்மீது கோபம். இவருக்கு இரண்டும் இல்லை. இத்தனை மாதம் கட்டிக்காத்த ஒன்று ஒரு கரண்டித் தண்ணீரில் கெட்டுப்போகும் என்ற பயம் மட்டும்.

"இது மருந்து. சாப்பாட்டுல சேராது" என்றேன்.

கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அவ கேட்டா அப்பிடியே சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

பொழுது சாய்வதற்குள் தேறிவிட்டார். ஆனால் அடுத்தது என்ன விதை, என்ன கிழங்கு என்று காத்துக்கொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை. அடுத்த ஞாயிறு நான் ஹட்டனுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் போய் வட்டவளையில் இறங்கினேன். குழந்தையைப் பார்க்கவும் வேண்டும் என்று இருந்தேன்.

அழகம்மை குள்ளம்; நடை வேகம். ஒரு கையில் பேரப்பிள்ளையை இடுக்கிக்கொண்டு மறுகையால் அம்மியில் மிளகாயும் மல்லியும் அரைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். நல்ல கனம். காது சுத்தமாக இருந்தது, தொடை மடிப்பில் புண் இல்லை. நன்றாக வளர்க்கிறாள்.

"ஆளு எப்பிடி இருக்காரு மிஸி?"

"எலும்பா இருக்காரு."

குழவி நின்றது. "ஏன்? ஹோட்டல்ல திங்கிறாருன்னுல்ல நெனச்சேன்."

சொன்னேன். முள்ளங்கி, ஊறவைத்த அரிசி, கடையில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பது, பச்சைப் பட்டாணி, போஞ்சி விதை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பட்டாணித் தண்ணீருக்கு நன்றாகவே சிரித்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மஞ்சள்கூடவா விட்டாரு?"

"மஞ்சள்கூட."

"நான் வாய்க்கு வந்தத சொன்னேன் மிஸி."

"அவரு அப்பிடியே எடுத்துக்கிட்டாரு."

"என்னய வரச் சொன்னாரா?"

"இல்ல."

"ம்" என்று மறுபடி அரைக்கத் தொடங்கினாள். "நானும் மகளப் பாக்கத்தான் வந்தேன். யாராவது வான்னு சொன்னாத்தானே போகணும்."

மத்தியானம் மருமகன் வந்தார். நல்ல பையன். அழகம்மை போட்ட சோற்றைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனார். ஜெயந்தினியும் அப்படித்தான், ஒரு கையில் போன், ஒரு கையில் சோறு. தட்டுகளை எடுத்துக்கொண்டு அழகம்மை அடுப்படிக்கு வந்தாள். இரவுக்கான கருவாட்டுக் குழம்பு அடுப்பில் இருந்தது.

"பாத்தீங்களா மிஸி? என்னத்த வச்சாலும் இப்பிடித்தான். உப்புக் கூடுனாலும் திங்கிறாங்க, கொறைஞ்சாலும் திங்கிறாங்க. ஒரு வார்த்த கெடையாது." கரண்டியால் குழம்பைத் தூக்கி ஊற்றிப் பார்த்தாள். "அங்க இருந்தப்ப, எறக்கலாமா வேணாமான்னு எனக்குப் பயம் இருக்கும். இங்க பயமே இல்ல. வெந்துச்சா வேகலையான்னு எனக்கே தெரியாமப் போச்சு."

நான் கிளம்பும் நேரம் ஒரு தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்து, கருவாட்டுக் குழம்பை இறக்கினாள். எண்ணெய் இன்னும் மேலே மிதக்கவில்லை, மிளகாய் நிறம் மாறவில்லை. நானும் சமைக்கிறவள்தான்.

"இன்னும் ஒரு கொதி வரணும்ல?" என்றேன்.

"இருக்கட்டும் மிஸி." மூடியை அழுத்தி, துணியால் இறுக்கிக் கட்டினாள். "திங்கச் சொல்ல வேணாம். மோந்து பாக்கட்டும். போயிருச்சா இல்லையான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

புளியும் கருவாடும் இந்தக் குளிரில் கெடாது. மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இரண்டு தடவை என் மடியைப் பார்த்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது செல்லசாமி வாசலில் கரட் சீவிக்கொண்டிருந்தார். தூக்குச்சட்டியைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். அது யார் வீட்டுத் தூக்குச்சட்டி என்று அவருக்குத் தெரியும். மகளுக்கு அவரே வாங்கிக் கொடுத்தது.

"திங்கச் சொல்லல" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "மோந்து பாத்து, போயிருச்சா இல்லையான்னு சொல்லணுமாம்."

கையைச் சட்டையில் துடைத்தார். முடிச்சை அவிழ்க்க நேரம் பிடித்தது, இறுக்கமாகத்தான் கட்டியிருந்தாள். மூடியைத் திறந்து குனிந்தார். முதல் இழுப்புச் சின்னது. இரண்டாவது நீளமானது, நிமிர மறந்தவர் போல அப்படியே இருந்தார். பேச்சியம்மா தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே? நல்லா இருக்குன்னு சொல்லிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இந்தத் தடவை பொறு என்று அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பழைய பொத்தான் போனை எடுத்தார். எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். அவருக்குக் காது மந்தம் என்பதால் அந்தப் போன் பேசுவது முற்றம்வரை கேட்கும்.

"நாந்தான்" என்றார்.

"சொல்லுங்க."

செல்லசாமி ஒருமுறை சட்டியைப் பார்த்தார்.

"பச்ச வாட அடிக்குது."

பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். போனில் குழந்தையின் சத்தம் கேட்டது.

"அடிக்குதா?" என்றாள் அழகம்மை. குரலில் கோபம் இல்லை. "அப்ப இன்னும் ஒரு கொதி விடணும்."

"எனக்கு எங்க தெரியும்." பேச்சியம்மாவுக்கும் எனக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார். "நீ வந்து விடு."

பிறகு போனைக் காதோடு அழுத்திப் பொத்திக்கொண்டார். ம் என்றார். இன்னொரு ம். போனைப் பையில் போட்டார். குழம்பை மூடி, துணியை முன்போலவே கட்டி, உள்ளே கொண்டுபோய் வைத்தார். முற்றத்தில் பேச்சியம்மா கவ்வாத்து மலையிலிருந்து கொண்டுவந்து போட்ட மிலாறு, வெட்டிய தேயிலைக் குச்சிக் கட்டு, அவிழ்க்காமல் கிடந்தது.

"பேச்சி, அடுப்புக்கு இதுல கொஞ்சம் எடுத்துக்கறேன்."

"எடுங்கண்ணே."

கட்டுக்கு முன்னால் குந்தினார். ஒரு குச்சியை எடுத்து முழங்காலில் வைத்து வளைத்தார். வளைந்தது, பச்சைக் குச்சி. கட்டிலேயே திரும்பச் செருகினார். அடுத்ததை எடுத்து வளைத்தார். படக்கென்று முறிந்தது. அதைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தார்.